மிச்சமெல்லாம் வெற்றிடம்

“அணுவைத் துறைமுகமளவுக்குப் பெருப்பிச்சா, கரு நடுவில ஒரு சின்னத் தேசிக்காயளவு. இலத்திரன் கரையோரமாச் சுத்தும். மிச்சமெல்லாம் வெற்றிடம்,” என்றார் ஹெக்டர்.

“வெற்றிடமெண்டா ஏன் சேர் இன்னும் ஆள் போடேல்ல?” என்றான் முத்தலிப். அரசாங்க வேலை விளம்பரங்களைப் படித்துப் படித்து அவனுக்கு அந்தச் சொல்லின் ஒரு பொருள்தான் தெரியும். வகுப்பு சிரித்தது.

ஹெக்டரும் சிரித்தார். கப்பல்துறைக் கிராமத்து வீட்டில் அவரோடு கதைக்க ஒருவருமில்லை. நாளில் இந்த நாற்பது நிமிடந்தான் அவர் வாயைத் திறப்பது.

“கரு ஏன் சேர் இலத்திரனைப் பிடிச்சு வச்சிருக்கு?” என்று றஹ்மா கேட்டாள்.

“ஒண்டு நேரேற்றம், மற்றது மறையேற்றம். தனிய இருக்க ஏலாது, பிள்ளை.”

அப்போது அதிபர் ஓர் இளைஞரோடு உள்ளே வந்தார்.

“பிள்ளையள், மூண்டு வருசத்துக்குப் பிறகு உங்களுக்கு இரசாயன ஆசிரியர் வந்திருக்கிறார். ஹெக்டர், சேருக்கு ஒரு கதிரை கொண்டு வந்து போட்டிட்டு, நீர் போய் மணியடிக்கிற வேலையைப் பாரும்.”

பதினெட்டு வருடம் சோதனைக்குழாய் கழுவியபடியே பாடம் கேட்ட பியூன் ஹெக்டர், கையிலிருந்த சோக்குக் கட்டியைப் புதியவரிடம் கொடுத்தார். கதிரையையும் துடைத்துப் போட்டார்.

“அணு என்பது...” என்று புதியவர் தொடங்கினார்.

பாடம் முடிய இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருந்தது. ஹெக்டர் மணியை அடித்தார்.