உள்பக்கத் தாழ்ப்பாள்

காயலான் கடையில் மலிவாகக் கிடைத்த ஒற்றைக் கதவு மர அலமாரி அது. கதவைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, பாத்திரம் அடுக்க வைத்துக்கொள்ளலாம் என்றுதான் தமயந்தி நினைத்திருந்தாள். உளியோடு வந்த ஆசாரி கதவைத் திறந்ததும் சிரித்துவிட்டார்.

"இந்தக் கூத்தப் பாரும்மா! அலமாரிக்கு உள்பக்கம் எவனாவது தாப்பாள் போடுவானா? துணிமணியெல்லாம் உள்ள இருந்து பூட்டிக்குமோ?"

தமயந்தி குனிந்து பார்த்தாள். நடுத்தட்டுகளை யாரோ முன்பே அறுத்து எடுத்திருந்தார்கள். முழங்காலை மடக்கினால் ஒரு பெண் உட்காரலாம். மடியில் ஒரு பிள்ளைக்கும் இடமிருந்தது. அப்படி உட்கார்ந்தால் கைக்கு எட்டும் உயரத்தில் தாழ்ப்பாள். எங்கும் தூசி அப்பிக் கிடக்க, அதன் பித்தளைக் குமிழ் மட்டும் விரல் பட்டுப் பட்டு மின்னியது. பக்கத்தில், மூச்சுக்கென்றே போட்டதுபோல் மூன்று சிறு துளைகள். அவள் குமிழைப் பிடித்து மெல்லத் தள்ளிப் பார்த்தாள்; தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

"கதவக் கழட்டிரட்டுமா தாயி?"

அவள் வாய் திறக்குமுன் தெருமுனையில் அவள் கணவனின் பைக் சத்தம் கேட்டது. தரையில் படம் வரைந்துகொண்டிருந்த மகள் பென்சிலைப் போட்டுவிட்டு வந்து, அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டாள். பாவம், ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை. அந்தச் சத்தம் அதற்குத் தெரிந்திருந்தது. ஆசாரி சிரிப்பை நிறுத்தினார்.

"கதவு இருக்கட்டும் அண்ணே," என்றாள் தமயந்தி, வாசலைப் பார்த்தபடி. "பலகையும் வேண்டாம். அந்தத் தாப்பாளுக்கு மட்டும் கொஞ்சம் எண்ணெ விட்டுட்டுப் போங்க. போடறப்ப சத்தம் வரக் கூடாது."