காலி நாற்காலி

முதியவர்களின் மனபாரத்தைக் கேட்பதுதான் அந்த மனநல ஆலோசகிக்குச் சோறு போடும் தொழில். மனைவியைப் பறிகொடுத்த, ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவரைக் காலி நாற்காலிக்கு எதிரே உட்காரவைத்து, "அவங்க இருக்கறதா நெனச்சுப் பேசுங்கப்பா" என்றாள். எத்தனையோ பேருக்குக் கொடுத்த பயிற்சிதான். மனிதர் பேசிப் பேசி அழுது தீர்த்தார்.

"இப்ப அந்த நாற்காலியில உட்கார்ந்து, அவங்களாவே பதில் சொல்லுங்க."

"எப்படிம்மா? அவ எந்திரிக்க மாட்டேங்கறாளே."

ஆலோசகி சிரித்துச் சமாளித்தாள். நேரம் முடிந்ததும் அவர் முகம் தெளிந்து எழுந்தார்.

"நான் வரேம்மா. அவ இருந்துட்டு வரட்டும். உங்ககிட்ட தனியாப் பேசணுமாம்."

கதவு சாத்திக்கொண்டது. அந்தக் காலி நாற்காலியின் மெத்தை, யாரோ உட்கார்ந்திருப்பதுபோல் அமுங்கியிருந்தது. ஆலோசகி அதிலிருந்து கண்ணை எடுக்காமல் பின்பக்கமாகவே நடந்தாள். கைக்குக் கதவுப் பிடி தட்டுப்பட்டது.

மெத்தை மெல்ல மேலே எழும்பியது.