பதில் பேசாத பிரதிவாதி

"இந்தத் தையல்காரரோட கிளியால என் பொழப்பே போச்சுங்க ஐயா!"

கோர்ட்டில் பொருமினார் பல் டாக்டர்.

அவர் கிளினிக்கை ஒட்டித்தான் தையல் கடை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு யார் வந்தாலும், கூண்டிலிருந்து ஒரு கத்தல்: "வலிக்காதும்பாரு, நம்பிடாதே!"

வந்தவர் வலியோடு அப்படியே திரும்பிவிடுவார். சின்னக் கடை, கூண்டை எங்கே நகர்த்தினாலும் கத்தல் வாசல்வரை கேட்டது. உள்ளே மெஷின் சத்தத்தில் இருந்த டாக்டருக்கு இதுவே அடுத்தவர் சொல்லித்தான் தெரியும்.

"வேணும்னே சொல்லிக்கொடுத்திருக்கார். நஷ்ட ஈடு வேணும். கிளியையும் அப்புறப்படுத்தணும்!"

துணி மூடிய கூண்டை அணைத்தபடி தையல்காரர் தலைகுனிந்து நின்றார்.

நீதிபதிக்கு ஒரு வியாதி. எந்தச் சொல்லையும் பிரித்து மேயாமல் விடமாட்டார்.

"வாதின்னா பேசுறவர். பிரதிவாதின்னா பதிலுக்குப் பேசுறவர். வாயே திறக்காத உங்களை நான் என்னன்னு கூப்பிடறது?"

"அபராதத்தைச் சொல்லுங்க ஐயா, கட்டிடறேன்."

டாக்டருக்கு உச்சி குளிர்ந்தது. "பாத்தீங்களா, ஒத்துக்கிட்டார்!"

"இருங்க டாக்டர். சாட்சி எங்கே? அது வடமொழி. கண்ணோட இருக்கிறவர்னு அர்த்தம். இவர் சொல்லிக்கொடுத்ததைக் கண்ணால பாத்தது யாரு?"

டாக்டர் கூண்டைக் காட்டினார்.

"அப்ப கிளியையே கேட்டுடுவோம். துணியை எடுங்க."

"ஐயோ, வேண்டாங்க ஐயா!" தையல்காரர் முதல்முறையாக அலறினார். அதற்குள் டவாலிச் சேவகர் துணியை உருவிவிட்டார்.

கிளி கழுத்தைச் சாய்த்து டாக்டரை ஏற இறங்கப் பார்த்தது.

"அக்கா, உன் பல்லுக்கு வேற டாக்டரைப் பாரு. எங்க வீட்டுக்காரர் வலிக்காதும்பாரு, நம்பிடாதே!"

கோர்ட்டே கொல்லென்று சிரித்தது. டாக்டருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. இந்தக் குரல்...

மெல்லத் திரும்பினார். முன்வரிசையில் அவர் மனைவி கைப்பைக்குள் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தாள். கிளினிக்குக்குப் பின்னாலேயே இருக்கும் வீட்டின் சமையலறை ஜன்னல் தையல் கடையைப் பார்த்து இருப்பதும், அங்கே நின்றுதான் அவள் தன் அக்காவோடு போனில் பேசுவாள் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும், தையல்காரரை மடக்கினார். "யோவ், முதல்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"கோர்ட்டு வழக்குன்னா எனக்கு அபராதத்தோட முடிஞ்சிடும் சார். வீட்டு வழக்குக்கு உங்களுக்குத் தீர்ப்பு சொல்ல யாரு இருக்கா?"