காகித மோதிரம்

துவைக்கப் போடுமுன் கணவரின் சட்டைப் பையைத் துழாவிப் பார்ப்பது தையற்காரர் மனைவியின் வழக்கம். ஊசி கிடைக்கும், உடைந்த பட்டன் கிடைக்கும். அன்று கிடைத்தது ஒரு மோதிரம்.

காகித மோதிரம்.

துணி வெட்டுமுன் அளவு வரைகிற பழுப்புக் காகிதத்தை மெல்லிய நாடாவாகக் கத்தரித்து, வளைத்து, நுனியைப் பசையால் ஒட்டியிருந்தது. யாருக்கோ விரலளவு எடுத்திருக்கிறார் என்பது பார்த்தவுடன் விளங்கிவிட்டது. யாருடைய விரல் என்பதுதான் விளங்கவில்லை.

முதலில் தன் மோதிர விரலில் மாட்டிப் பார்த்தாள். கணுவோடு நின்றுவிட்டது. இன்னும் அழுத்தினால் கிழிந்துவிடும்.

பாடம் எழுதிக்கொண்டிருந்த மகளிடம் போனாள்.

"விரலை நீட்டுடி."

"எதுக்கும்மா?"

"நீட்டுன்னா நீட்டு."

குச்சி போன்ற அந்த விரலில் காகிதம் தடையில்லாமல் இறங்கிச் சுற்றியது.

"எனக்கு இது வளையலும்மா!" என்று சிரித்தாள் மகள். "யாருக்கும்மா இது?"

"அதைத்தான் நானும் தேடிக்கிட்டிருக்கேன். நீ எழுது."

வீட்டில் வேறு விரல் இல்லை. கணவருடையது கத்தரிக்கோல் பிடித்துப் பிடித்துத் தடித்துப்போனது, கணக்கில் வராது.

முன்னறைதான் தையல் கடை. நூற்கண்டு வாங்கக் கணவர் கடைத்தெருவுக்குப் போயிருந்தார். சன்னலோரம் காஜாப்பெண் மட்டும் உட்கார்ந்து பட்டன் துளைகளுக்குக் கைநூல் ஓட்டிக்கொண்டிருந்தாள். தெருவே அவளை அப்படித்தான் அழைக்கும். இந்த வேலையை நம்பித்தான் அவள் வீட்டில் அடுப்பெரிந்தது.

"இந்தா, இதைக் கொஞ்சம் மாட்டிப் பாரு."

காகிதத்தைக் கண்டதும் காஜாப்பெண் கையை மடிக்குள் இழுத்துக்கொண்டாள்.

"எனக்கெதுக்குக்கா?"

"சும்மாதான்."

"வேலை நிறைய இருக்குக்கா."

மனைவியே அவள் கையைப் பற்றி மாட்டினாள். அளவெடுத்துத் தைத்தாற்போலப் பொருந்தியது.

"அண்ணே அண்ணேன்னு வாய் நிறையக் கூப்பிடுவியே, அது இதுக்குத்தானா?"

"ஐயோ, என்னக்கா பேசறீங்க! இது எனக்கில்லைக்கா."

"அப்போ யாருக்குன்னு உனக்குத் தெரியும்?"

காஜாப்பெண் ஆமென்று தலையை மட்டும் ஆட்டினாள்.

"தெரியுமில்ல? சொல்லு."

"சொல்ல மாட்டேன்க்கா."

"சரி. இன்னையோட போதும். நாளைக்கு இந்தப் படி ஏறாதே."

காஜாப்பெண் கையிலிருந்த துளையைப் பாதியில் விடவில்லை. முடிச்சுப் போட்டு, நூலைப் பல்லால் கடித்து, சட்டையை மடித்து வைத்தாள்.

"காலர் காஜா மட்டும் பாக்கிக்கா," என்று சொல்லிவிட்டு, முகத்தைத் துடைத்தபடி படியிறங்கினாள்.

மனைவிக்கு ஆத்திரம் அடங்கவில்லை. துப்புத் துலக்கிவிட்ட மிடுக்கும் ஓர் ஓரமாக இருக்கத்தான் செய்தது.

தையற்காரர் வந்ததும் காகித மோதிரத்தை நீட்டினாள்.

"இது என்ன?"

அவர் அசடு வழியச் சிரித்தார். "கண்டுபிடிச்சுட்டியா? போச்சு போ!"

"யார் விரலுங்க இது?"

"உன் விரல்தான். மத்தியானம் நீ அசந்து தூங்கறப்போ எடுத்தேன். பாத்திரம் தேய்க்கறப்போ உன் மோதிரம் தண்ணியோட போச்சுல்ல? அதுல இருந்து வெறும் விரலைத் தடவிக்கிட்டே இருக்கே. பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்?"

"பொய் சொல்லாதீங்க. எனக்கு ஏறவே இல்லை!"

அவர் அவள் கையை வாங்கி மாட்டிப் பார்த்தார். கணுவில் நின்றது. பளாரென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடச்சே! சட்டைக் கழுத்துக்கு எடுக்கிற மாதிரி விரலடியில எடுத்துட்டேன். சட்டைன்னா தலையை விட்டப்புறம் பட்டன் போட்டுக்கலாம். மோதிரத்துக்கு ஏது பட்டன்? இந்தக் கணுவைத் தாண்ட வேண்டாமா? நல்லவேளை, நகைக்கடையில இன்னும் கொடுக்கலை."

அவள் சிரிக்கவில்லை. அவருக்கு அது புரியவும் இல்லை. சன்னலோரம் எட்டிப் பார்த்தார்.

"காஜாப்பொண்ணு அதுக்குள்ள கிளம்பிடுச்சா? அதுகிட்ட மட்டும்தான் விஷயத்தைச் சொல்லி, நம்ம கல்யாண நாள் வரைக்கும் உங்கிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு கேட்டுக்கிட்டேன். 'நீங்க உளறாம இருந்தா சரிண்ணே. அன்னைக்கு அக்கா முகம் எப்படி மலரும்னு நான் பாக்கணும்; அதுவரைக்கும் என் வேலையே போனாலும் வாயைத் திறக்க மாட்டேன்'னு சிரிச்சுது. எப்படி, சொன்ன சொல்லைக் காப்பாத்திடுச்சா?"