ஆர்கான் ஆறும் நேரம்

அவருக்குக் கையுறை நுழையவில்லை.

மாத்திரைகளால் விரல்கள் வீங்கியிருந்தன. மறுபடி முயன்றார். பிறகு கையுறையைச் சுருட்டி மேசையில் எறிந்துவிட்டு, வெறும் கையாலேயே எஃகுக் கலத்துக்குள் தகட்டைப் பொருத்தினார்.

அந்தக் கலத்துக்குள் வேறு யார் விரலாவது பட்டால் நாள் முழுக்க ஏசுகிறவர்.

நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“கைரேகை எடுக்க வந்த போலீசு மாதிரி பாக்காதட்டி. அப்புறமா நானே தொடச்சிருதேன்.”

அந்த வாரமே ஆஸ்பத்திரி. திரும்பவில்லை.

கலத்தில் ஆர்கான் வாயுவை நிரப்பி மின்சாரம் கொடுத்தால் ஊதா நிறத்தில் ஒளிரும். மின்சாரத்தை நிறுத்தியதும், சூடேறி ஓடும் எலக்ட்ரான்கள் எவ்வளவு நேரத்தில் ஆறுகின்றன என்று அளப்போம். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நாங்கள் இருவரும் சேர்ந்து பார்த்த வேலை.

ஆர்கான் அணு கனமானது. எலக்ட்ரான் அதில் மோதினால் மதிலில் அடித்த பந்துபோல, ஏறக்குறைய போன வேகத்திலேயே திரும்பும்.

“உங்க சித்தப்பா மாதிரி. எத்தன தடவ போய் முட்டினாலும் அசைய மாட்டாருல்லா?” என்பார் அவர்.

மோதி மோதி, துளித் துளியாகத்தான் சூடு இறங்கும்.

உள்ளே வேறு ஏதாவது கலந்திருந்தால் அப்படியில்லை. ஒரு விரலின் எண்ணெய்ப் பசை போதும். அதிலிருந்து கிளம்பும் மூலக்கூறுகள் அதிர்ந்து, சுழன்று, அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ளும்.

அவர் போனபிறகு கலம் சீக்கிரம் சீக்கிரமாக ஆறியது.

எங்கள் ஆய்வுக்கூடத்தின் மூன்றாவது ஆள் ஜெயசீலி. எங்கோ காற்று கசிகிறது என்று நினைத்து, ஒவ்வொரு இணைப்பிலும் ஸ்பிரிட் தெளித்துப் பார்த்தாள். அழுத்தமானியின் முள் அசையவில்லை.

“இந்த அளவ அனுப்பினா சிரிப்பாங்க மேடம். சார் பேருல போற கடைசிக் கட்டுரை.”

“கசிவு இல்ல ஜெயசீலி. உள்ள கை பட்டிருக்கு.”

“யாரு பாத்த வேல மேடம் இது? சார் இருந்திருந்தா...”



கலத்தைத் திறந்து டார்ச் அடித்தேன்.

தகட்டின் ஓரத்தில் இருந்தது. பெருவிரல். குறுக்காக ஒரு வெட்டு. கல்யாணமான புதிதில், தேங்காய் கீறித் தருகிறேன் பேர்வழி என்று வந்து வாங்கிக்கொண்டது.

வீட்டில் அவர் கைரேகை ஒன்றுகூட இல்லை. பதினாறாம் நாள் விசேஷத்துக்கென்று வந்த உறவுக்காரர்கள் கண்ணாடி, பீரோ, ஜன்னல் எல்லாவற்றையும் துடைத்துவிட்டார்கள். நல்ல மனசோடுதான்.

“நான் தொடைக்கட்டா மேடம்?”

“வேண்டாம்.”

துணியை அசிட்டோனில் நனைத்தேன்.

அது காய்ந்தது. மறுபடி நனைத்தேன்.

ஒரே திசையில் இழுத்துத் துடைக்க வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் அழுக்கு போகாது, இடம்தான் மாறும். அவர் எனக்குக் காட்டித் தந்த முறை.

ஒரு இழுப்பு.

துணியை மாற்றி, இன்னொன்று.

கலத்தை மூடிச் சூடாக்கி, காற்றை உறிஞ்சி எடுத்து, புது ஆர்கான் நிரப்பச் சில நாட்கள் ஆயின.

ஊதா ஒளி வந்தது. நிறுத்தினோம்.

உண்மையில் கண் இமைக்கும் நேரம்கூட இல்லை. திரையில் அது ஒரு நீண்ட கோடு. மிக மெல்லச் சாய்ந்துகொண்டு போனது. வலது ஓரத்தைத் தொட்டபோதும் பாதிகூட இறங்கியிருக்கவில்லை.

ஜெயசீலி கையைத் தட்டினாள்.

“சரியா வந்துட்டு மேடம்! சார் சொன்ன மாதிரியே!”

பிறகு திரைக்கு அருகில் குனிந்தாள்.

“இடம்தான் பத்தல. முழுசா ஆறி முடிக்க எவ்வளவு நேரம் வைக்கட்டும்?”

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

“நீட்டிக்கிட்டே போ,” என்றேன்.