நிறைந்த விமானம்

ஒரு பயணியைச் சுமந்து ஒரு கிலோமீட்டர் பறந்தால் கம்பெனிக்கு எவ்வளவு வருமானம் என்று மாதந்தோறும் கணக்கிட்டு அனுப்புவதுதான் போர்ட் பிளேர் விமான நிலையத்தில் அன்பழகனின் வேலை. அன்று மாலை சென்னையிலிருந்து மேலாளரே கூப்பிட்டார்.

"அன்பழகன், வருமானத்துல உங்க ரூட்தான் ஃபர்ஸ்ட்! ஒரு சீட்கூடக் காலியில்லையாமே?"

"ஆமா சார். இந்த வாரம் முழுக்க ஃபுல்."

"சபாஷ்! இப்படியே போகட்டும்."

அவன் போனை வைத்ததும் கவுன்ட்டரிலிருந்து பானு தயங்கியபடி வந்தாள்.

"மன்னிச்சுக்கோங்க அண்ணா. கடைசி ஃப்ளைட்டும் போயிடுச்சு. ஒரு சீட்டாவது மிஞ்சினாத்தானே ஸ்டாஃப் பாஸுல ஏத்த முடியும்?"

அன்பழகன் தோளில் கிடந்த பையை இறக்கி வைத்தான். மதுரையில் காத்திருந்த தம்பியை அழைத்தான்.

"இனிமே எனக்காகப் பாக்காதடா. அப்பாவுக்கு நீயே கொள்ளி வச்சிடு."