ஹாஸ்கெல் சொன்ன ரகசியம்

பேஸ்பால் அணிக்கு மாற்று கேட்சர் ஒருவர் வேண்டும்; வீசுகிற பந்தைக் குந்தியிருந்து பிடிக்கிற ஆள். தேர்வு முகாமில் பழைய ஆள் ஹாஸ்கெல், ஒரு புதுப் பையன் என இரண்டு பேர் மிஞ்சியிருந்தார்கள்.

"ஹாஸ்கெல் வேண்டாங்க," என்று மேனேஜர் டெல்மரிடம் கொதித்தார் கோச் ருஃபினோ. "மட்டையைத் தூக்கினா காத்தைத்தான் அடிக்கிறான். குந்தினா எந்திரிக்க ஆள் வேணும். புதுப் பையனையே எடுத்துக்கலாம்."

"பந்து வீசுற பசங்க என்ன சொல்றாங்க?"

"அதை ஏன் கேக்கறீங்க! ஹாஸ்கெல்தான் வேணுமாம். ஒவ்வொருத்தனும் தனியா வந்து என் காதுல ஓதுறான். 'உன் பந்து மாதிரி அருமையான பந்தை என் ஆயுசுல பிடிச்சதில்ல, யார்கிட்டயும் சொல்லிடாதே'ன்னு அவன் சொன்னானாம். அத்தனை பேர்கிட்டயும் ஒரே பொய்!"

டெல்மரின் முகம் வாடியது. "எல்லார்கிட்டயுமா?"

"ஒருத்தன் பாக்கியில்ல."

டெல்மர் தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரித்துவிட்டார்.

"ஹாஸ்கெல்லையே எடுத்துக்கய்யா."

"இந்தப் புளுகனையா?"

"நான் வீசின காலத்துல என் பந்தைப் பிடிச்சவனும் அவன்தான். இன்னிவரைக்கும் நானும் யார்கிட்டயும் சொல்லலையே!"